சுவிட்ச் இருக்க வேண்டிய இடம்

வேலைச் சீட்டில் இருந்த எழுத்தைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. 'பேட்டரி சுவிட்ச் எஞ்சின் மூடிக்கு உள்ளே வர வேண்டும். வெளியே தெரியக் கூடாது.' கடைசிச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. கோட்டை அழுத்தி இழுத்து முடிவில் பேனாவைச் சுழித்துவிடுவது என் தங்கை வீட்டுக்காரரின் பழக்கம். அவர் பட்டறையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் நான். அந்தச் சுழி எங்கே இருந்தாலும் அடையாளம் தெரியும்.

"பளபளா அனுப்பின படகு" என்றார் ஃபோர்மேன். படகு கட்டுகிறவர்கள் வட்டாரத்தில் தங்கை வீட்டுக்காரருக்கு அதுதான் பெயர். எதையும் பளபளவென்று வைத்திருப்பார். "சனிக்கிழமை கண்காட்சியாம். அவங்க எலக்ட்ரீஷியன் பாதியில விட்டுட்டுப் போயிட்டான். நீ இங்க இருக்கிறது அவருக்குத் தெரியாது. வேணாம்னா சொல்லும்மா, வேற ஆளைப் பாக்குறேன்."

"நானே பண்றேன்."

"அதான் எனக்கு பயமா இருக்கு" என்றார்.

இந்த மாதிரி சின்ன மோட்டார் படகுகளில் பேட்டரி சுவிட்ச் என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டப் பெட்டி, அதன் நடுவில் ஒரு சிவப்புத் திருகு. திருப்பினால் படகில் ஓடும் மின்சாரம் முழுக்க நின்றுவிடும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டையே. பேட்டரிக்குப் பக்கத்தில் வை என்பார்கள், கேபிள் குறையும், மின்சாரம் வீணாகாது. அது நியாயம்தான். ஆனால் பேட்டரி இருப்பது எஞ்சினுக்குப் பக்கத்தில். எஞ்சின் இருப்பது பின்பக்கம், மெத்தை தைத்த ஒரு மூடிக்குக் கீழே. அங்கே தீப்பிடித்தால் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் காற்று உள்ளே போகும். அதுவரை புகைந்துகொண்டிருந்தது எழுந்து நிற்கும். அதனால் சுவிட்ச் மூடிக்கு வெளியே, ஸ்டியரிங் பிடிக்கிறவரின் கை எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். கூடுதலாக நாலு அடி தடித்த கேபிளும் படகின் உட்பக்கச் சுவரில் ஒரு வட்ட ஓட்டையும் போதும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் அந்த ஓட்டையைப் போட விடவில்லை. "சிவப்பா ஒரு திருகு கண்ணுல பட்டா டிராக்டர் மாதிரி இருக்கும்" என்றார். நான் வேண்டாமென்று இரண்டு நாள் பேசினேன். மூன்றாம் நாள் அவர் சொன்ன இடத்தில் வைத்தேன். சம்பளம் கொடுக்கிறவர், தங்கை வீட்டுக்காரர், அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவளே நான். இத்தனை கயிறு கட்டியிருந்தால் வாய் எத்தனை நாள் பேசும்.

அந்தப் படகை வாங்க வந்தவர்களுக்கு ஓட்டிக் காட்டியது என் தங்கை. அவளைப்போல வளைவில் படகைத் திருப்ப யாராலும் முடியாது. கரைக்குத் திரும்பும்போது மூடியின் ஓரத்தில் புகை வந்திருக்கிறது. சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று தெரியாத ஒருத்தி அந்த மூடியைத் தொட்டிருக்க மாட்டாள், தண்ணீரில் குதித்திருப்பாள். இவளுக்குத் தெரியும். அதனால் மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டாள்.

இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. வலது கையில் மூன்று விரல் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போய்ப் பிறகு வெட்டிப் பிரித்தார்கள்.

விசாரணையில் அவர் சொன்னது இதுதான்: 'சுவிட்ச் இடத்தைத் தேர்ந்தெடுத்தது எலக்ட்ரீஷியன். எனக்கு அதெல்லாம் தெரியாது.' என் தங்கை கட்டுக்கு வெளியே தெரிந்த பெருவிரலால் அதற்குக் கீழே கைநாட்டு வைத்தாள். படகுப் பாதுகாப்பு அலுவலகத்தில் என் லைசென்ஸ் முத்திரையைப் பிடுங்கிக்கொண்டார்கள். முத்திரை இல்லாத எலக்ட்ரீஷியன் வேலை செய்யலாம், ஆனால் அந்த வேலைக்குக் கீழே வேறு ஒருத்தர் பெயர் இருக்கும். எட்டு மாதமாக ஃபோர்மேன் பெயரில் வேலை செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் செய்ததைச் சொல்வதற்கில்லை.

தங்கை ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க மறுத்தாள். அவரை நம்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் இடம் தேர்ந்தெடுத்ததால் தன் கை போனது என்று நம்பித்தான் அவள் மூன்று வருடமாகப் பேசாமல் இருக்கிறாள். இந்த ஒன்றைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. முத்திரையைக்கூட விழுங்கிவிட்டேன்.

இந்தப் படகு வந்த முதல் இரண்டு நாள் வேறு ஒரு யோசனை என்னோடு குடியிருந்தது. யோசனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டில் எழுதியபடி செய்வது. மூடிக்கு உள்ளே, எஞ்சினுக்கும் பின்னால், பேட்டரியைத் தாண்டி, கையைத் தோள் வரைக்கும் விட்டால்தான் எட்டுகிற ஓரத்தில். யாரும் என்னைக் கேட்க முடியாது. கேட்டால் சீட்டைக் காட்டலாம். இரண்டு கோடு போட்டிருக்கிறாரே.

கேபிள் முனைகளை அமுக்கும்போதும் பேருந்தில் வரும்போதும் பல் தேய்க்கும்போதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பகல், தண்ணீர் நடுவே படகு, மூடியின் ஓரத்தில் புகை. அவர் குனிகிறார். ஆத்திரத்துக்கும் ஒரு ருசி உண்டு, அதை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்ய முடிகிறது, பசிகூட எடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கடைசியில் குனிகிறவர் மாறிவிடுவார். அந்தக் கைகள் அவர் கைகளாக இருக்காது. என்னென்னவோ செய்து பார்த்தேன். அவளைக் கரையில் நிற்க வைத்தேன், வீட்டில் விட்டுவிட்டு வரச் செய்தேன். மனதுக்குள் ஓடுகிற படகிலிருந்துகூட என்னால் தங்கையை இறக்கிவிட முடியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த அறையில் படகின் பதிவுச் சீட்டு கிடைத்தது. உரிமையாளர் இடத்தில் தங்கையின் பெயர்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. படகில் ஓட்டை போடுவதற்கு முன்னால் அதன் உரிமையாளர் நேரில் வர வேண்டும். எங்கே ஓட்டை வேண்டுமோ அங்கே தன் கையால் ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிந்ததும் அந்த டேப்பை உரித்து வேலைச் சீட்டின் பின்னால் ஒட்டி வைத்துவிடுவார் ஃபோர்மேன். 'நான் அங்க சொல்லல, இங்க சொன்னேன்' என்று ஒருத்தர் ஒரு தடவை சண்டைக்கு வந்தபிறகு ஏற்பட்ட வழக்கம். பீரோ முழுக்க மற்றவர்கள் சொன்ன இடங்கள் இருக்கின்றன.

"டேப் ஒட்ட ஆள் வரணும்ல" என்றேன்.

"அவரைக் கூப்பிட்டிருக்கேன்" என்றார் ஃபோர்மேன்.

"அவர் வந்து பிரயோஜனம் இல்லை. படகு அவர் பேர்ல இல்லை."

பதிவுச் சீட்டை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, நீ என்ன பண்ணப் பாக்குற?"

"அவர் அந்த மூடியைத் தொறந்து உள்ள டேப் ஒட்டுறதை அவ பக்கத்துல நின்னு பாக்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா" என்றார். "நான்கூட சின்ன விஷயமோன்னு நெனச்சேன்." போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார்கள். நான் படகின் முன்பக்க அறையில் கால் நீட்டி உட்கார்ந்து விளக்குகளுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பின்பக்கம் முழுதும் தெரியும். வெயிலில் நிற்கிறவர்களுக்கு நான் தெரிய மாட்டேன். ஒளிந்துகொள்ள வேண்டுமென்று போகவில்லை. ஆனால் அவர்கள் ஏணியில் ஏறும் சத்தம் கேட்டும் வெளியே வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

முதலில் அவருடைய ஷூ. துடைத்த ஷூவை மறுபடி துடைத்துவிட்டுத்தான் படகில் வைத்தார். பிறகு என் தங்கை. முழுக்கைச் சட்டை. கைப்பிடிக் கம்பியை விரலால் பிடிக்காமல் மணிக்கட்டை வளைத்துக் கொக்கிபோல மாட்டி ஏறினாள். மூன்று வருடமாக நான் அவளைப் பார்க்கவில்லை. மணிக்கட்டால் ஏறக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"எதுக்கு இவளை வேற அலைய வெச்சீங்க?" என்றார் அவர்.

"படகு அவங்க பேர்ல இருக்கு சார். எங்க வழக்கம் அப்படி" என்றார் ஃபோர்மேன். "நீங்க இடத்தைக் காட்டுங்க, அவங்க கையெழுத்து போடட்டும்."

"அதான் எழுதிக் கொடுத்திருக்கேனே."

"எழுத்தை நம்பி ஓட்டை போட்டா ஓட்டை எழுத்துலயா விழுது? படகுல விழுது."

அவர் சிரித்தார். டேப்பை ஒரு துண்டு கிழித்தார். மூடியைத் தூக்கி முட்டுக்கம்பி கொடுத்து, உள்ளே குனிந்து, எஞ்சினுக்குப் பின்சுவரில் அதை ஒட்டினார். விரலால் நீவி மடிப்பு எடுத்தார், டேப்பில்கூட மடிப்பு இருக்கக் கூடாது அவருக்கு.

"இங்க. வெளியில வெச்சா சிவப்பா துருத்திக்கிட்டு, டிராக்டர் மாதிரி இருக்கும்."

மூன்று வருடம் கழித்தும் அதே வார்த்தை. இதைத்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். தங்கையின் முகத்தைப் பார்த்தேன். இப்போது அவளுக்குப் புரியும், இப்போது திரும்புவாள், இப்போது அவள் வாய் திறக்கும் என்று ஒவ்வொரு நொடியாக எண்ணினேன். அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்கிறது என்று யாரோ சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

என்னால் உள்ளே உட்கார்ந்திருக்க முடியவில்லை. தவழ்ந்து வெளியே வந்து நின்றேன். முழங்கால் இரண்டிலும் தூசி.

"வாங்க மாப்பிள்ளை" என்றேன்.

அவர் மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தங்கைதான் முதலில் பேசினாள்.

"நீதான் வரச் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

"பாத்தியா? எங்க ஒட்டினார்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"அன்னைக்கு யார் சொன்ன இடம்னு இப்பவாவது தெரியுதா?"

"அன்னைக்கே தெரியும் அக்கா" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டப்ப நான் பட்டறை மாடியிலதான இருந்தேன். ரெண்டு நாளும் கேட்டேன்."

இரண்டு நாளாக அவருக்காக நான் தீட்டி வைத்திருந்த கத்தி, முனையோடு என் பக்கம் திரும்பியதுபோல இருந்தது. அவள் ஏமாறவில்லை. தெரிந்தே கைநாட்டு வைத்திருக்கிறாள். மூன்று வருடமாக நான் அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன், ஏமாந்த குழந்தை என்று.

"அப்புறம் எப்படி கைநாட்டு வெச்ச?"

"ரெண்டு கையும் கட்டு. சோறு ஊட்டுறது அவர். என்ன பண்ணச் சொல்ற?" பிறகு, குரலை உயர்த்தாமல், "தீ வந்தது கேபிள்ல இருந்து. கேபிள் நீ கட்டினது. விசாரணையில அதையும் சொல்லாம நான் சும்மாதான இருந்தேன்" என்றாள்.

அது உண்மை. ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிள் இரும்பில் உரசி உரசித் தோல் போயிருந்தது. அந்த வளைவில் கேபிளை அசையாமல் பிடிக்கும் கிளிப்பைப் போட்டேனா இல்லையா என்று இன்றுவரைக்கும் எனக்கு ஞாபகம் வரவில்லை. போட்டதுபோலவும் இருக்கிறது, போடாததுபோலவும் இருக்கிறது. விசாரணையில் யாரும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை, எல்லோரும் சுவிட்சையே கேட்டார்கள். செய்யாத தப்பைத் தலையில் போட்டதில் எனக்கு இருந்த ஆத்திரம், செய்திருக்கக்கூடிய தப்பைப் பார்க்காமல் இருக்க நன்றாக உதவியது. தங்கை ஒரு வாக்கியத்தில் அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள்.

ஆனால் ஆத்திரம் குறைந்துவிடவில்லை. அதையும் மறைக்க விரும்பவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். பக்கத்தில் அவள் மேல் வந்த ஆத்திரத்துக்கும் இடம் விட்டு.

"கேபிளுக்கு என்னைக் கேளு. நான் பதில் சொல்றேன்" என்றேன். "சுவிட்சுக்கு யார் பதில் சொல்றது?"

அவர் மூடியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். ஃபோர்மேன் பக்கம் திரும்பிக்கொண்டார். "இவங்க எப்பவும் இப்படித்தான். உள்ள வைக்கிறது இவங்களோட பழக்கம், அன்னைக்கும் அப்படித்தான் வெச்சாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாதுன்னு அப்பவே எழுதிக் கொடுத்துட்டேன். ரெண்டு மணி நேரத்துல வேற ஆளைக் கூட்டிட்டு வர்றேன். சனிக்கிழமைக்குப் படகு வேணும்."

டேப் அவருடைய நீவலோடு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே நின்றுகொண்டு சொல்கிறார்.

"தாராளமா கூட்டிட்டு வாங்க" என்றார் ஃபோர்மேன். "ஆனா கையெழுத்து இல்லாம யார் வந்தாலும் இங்க ஓட்டை கிடையாது."

தங்கை வீட்டுக்காரர் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றி, தங்கையின் வலது கையைப் பிடித்து, இரண்டு விரலுக்கு நடுவில் பேனாவைச் சொருகினார். எழுதப் பழகும் குழந்தைக்குச் செய்வதுபோல. "போடு. நேரமாகுது."

அவள் பேனாவைப் பார்த்தாள். அதை இடது கைக்கு மாற்றினாள். ஃபோர்மேனிடம், "அந்த டேப் உருளையைக் கொடுங்க" என்றாள்.

ஸ்டியரிங் முன்னால் இருந்த பலகையில் டேப்பை நீளமாக இழுத்து ஒட்டினாள். ஒரு முழ நீளம் இருக்கும். குனிந்து எழுத ஆரம்பித்தாள். எழுத்துகள் பெரிது பெரிதாக, ஒன்று மேலே ஒன்று கீழே என்று விழுந்தன. எழுதி முடிக்க ரொம்ப நேரமானது. அவர் எட்டிப் படித்துவிட்டு, "உனக்குப் பைத்தியமா" என்று சாதாரணக் குரலில் கேட்டார். அவள் நிறுத்தவில்லை.

'மூன்று வருடத்துக்கு முன் எரிந்த படகில் சுவிட்ச் இடம் சொன்னது என் கணவர். அக்கா வேண்டாம் என்றாள். எனக்குத் தெரியும். பொய்க்குக் கைநாட்டு வைத்தேன்.' கீழே கையெழுத்து.

"இப்படிப் பண்ணினா நாம எங்க போய் நிக்கிறதுன்னு யோசிச்சியா?" என்றார் அவர்.

"நீங்க போய்க் கார்ல இருங்க" என்றாள். "ஓட்டை எங்கேன்னு காட்டிட்டு வர்றேன்."

அவர் இறங்கிப் போனார். ஏணியின் கடைசிப் படியில் ஷூ வழுக்கியது, சமாளித்துக்கொண்டார். பார்த்தேன். அது எனக்குப் போதவில்லை.

தங்கை ஸ்டியரிங் இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையைத் தொங்கவிட்டாள். கை பக்கச் சுவரில் போய் நின்ற இடத்தில் இன்னொரு துண்டு டேப்பை ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

"விரலால திருப்ப வராது" என்றாள்.

"பெரிய திருகு போடறேன். உள்ளங்கையால அழுத்தித் திருப்பலாம்."

டிரில்லில் வட்ட ரம்பத்தை மாட்டி ஓட்டை போட்டேன். ஃபைபர் தூள் வெள்ளையாகக் கொட்டியது. அவள் மூக்கை மூடிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சின்ன வயதில் நான் எதைப் பிரித்தாலும் அப்படித்தான் நிற்பாள். கேபிளை இழுத்தேன். ஒரு வளைவுகூட விடாமல் கிளிப் போட்டேன். போடும்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினேன், அவளும் எண்ணினாள். சுவிட்சைப் பொருத்தி அவள் உள்ளங்கையை எடுத்துத் திருகின் மேல் வைத்தேன். தழும்பு வழவழவென்று இருந்தது. திருப்பினாள். விளக்குகள் அணைந்தன.

"நான் எழுதின டேப்பை என்ன பண்ணப் போற?" என்றாள்.

"பாதுகாப்பு ஆபீஸ்ல கொடுக்கப் போறேன்."

"கொடுத்தா அவர் பட்டறையை மூடிடுவாங்க."

"தெரியும்."

"அந்த அடி எனக்கும்தான்."

"உனக்கும்தான்."

"கொஞ்ச நாள் பொறுக்கலாம்ல. கண்காட்சி முடியட்டும்."

"மூணு வருஷம் பொறுத்தாச்சு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் ஒருவேளை பொறுத்திருப்பேன். அதுகூட நிச்சயமில்லை. "சரி" என்றாள். கம்பியில் மணிக்கட்டை மாட்டி இறங்கினாள்.

அடுத்த நாள் காலை படகுப் பாதுகாப்பு அலுவலகம் திறக்கும்போதே போய் நின்றேன். டேப்பை ஒரு வெள்ளை அட்டையில் ஒட்டி, ஃபோர்மேன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கவுண்டரில் இருந்த குமாஸ்தா அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார்.

"எதிர்த்தரப்போட உங்களுக்கு என்ன உறவு?"

"தங்கச்சி வீட்டுக்காரர்."

"குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கக் கூடாதா?"

"பேசியாச்சு. அதான் இங்க வந்திருக்கேன்."

தோளைக் குலுக்கிக்கொண்டு முத்திரை குத்தினார். "அவருக்கு நோட்டீஸ் போகும். பதிவுத் தபால். விலாசம் எழுதுங்க. வீட்டு விலாசமா, பட்டறை விலாசமா?"

இரண்டும் எனக்கு மனப்பாடம். பதிவுத் தபால் பகலில் வரும். பகலில் அவர் பட்டறையில் இருப்பார், வீட்டில் இருப்பது அவள்தான். மணி அடித்ததும் வந்து கதவைத் திறக்க வேண்டியதும், தபால்காரர் நீட்டும் பேனாவை இடது கையில் வாங்கிப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டியதும், மாலை வரைக்கும் அந்த உறையோடு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதும் அவள்தான்.

"பட்டறைக்கு அனுப்பினா வாங்கலைன்னு சொல்லிடுவார்" என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் வீட்டு விலாசத்தை நான் எழுதியது அதற்காக இல்லை.